பக்கத்தில் இருந்தவர்

டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிக் களைத்து, பஸ்ஸில் நின்றபடி போனில் ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்தபோதுதான் காணொளி செய்யும் எண்ணம் வந்தது. அதில் காரை ஓட்டுபவர் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அமெரிக்கக் கார்ப் பந்தய ஓட்டுநர். அடுத்தடுத்து வென்றவர், ஒரு விபத்துக்குப் பிறகு ஓட்டவேயில்லை. ‘பயம் அவரை வென்றது’ என்று காணொளியை முடித்தேன்.

வெளியிடுமுன், கூட வேலை செய்யும் சுபாக்காவிடம் சாப்பாட்டு நேரத்தில் காட்டினேன். லைசன்ஸ் இருந்தும் பனியில் பஸ்ஸுக்கு நிற்பவர். அதற்காக நானும் அவரை நக்கலடித்திருக்கிறேன்.

“காரில பக்கத்தில இருக்கிறது ஆர்?”

“மெக்கானிக் அக்கா. கார் ஓடேக்க இஞ்சினுக்குக் கையால எண்ணெய் அடிக்கிறவர்.”

“விபத்தில அவருக்கு என்ன நடந்தது?”

“செத்திட்டார்.”

“அதை ஏன்டா சொல்லேல்ல?”

கதையின் வேகம் குறையும் என்று நான்தான் வெட்டியிருந்தேன்.

அக்கா சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். “நான் கடைசியா ஓட்டேக்க தம்பி பக்கத்தில இருந்தவன். அண்டைக்கு நடந்த விபத்தில அவன் போனாப் பிறகு நான் ஸ்டீயரிங்கைத் தொடேல்ல. அதைப் பயமெண்டு சொல்லுவியோ?”

“இல்லை அக்கா,” என்றேன். அவர் வேலைக்கு எழுந்து போனார்.

காணொளியை அழித்துவிட்டேன். எனக்குக் கிடைத்த செய்திகளில் அந்த மெக்கானிக்கின் பெயர் இல்லை. உடம்பு தூக்கம் கேட்கிறது. ஆனாலும் லீவு நாளில் நூலகத்துக்குப் போய்ப் பழைய பத்திரிகைகளில் தேடப்போகிறேன். சுபாக்காவிடம் அவர் தம்பியின் பெயரையும் கேட்க வேண்டும். அதை எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.