முனுசாமி சிங்கமான கதை

மெர்லிமாவ் முனுசாமிக்கு ஐம்பது வயது தாண்டியும் தான் என்ன ராசி, என்ன லக்னம் என்பது தெரியாது. தெரியாததால் ஒரு குறையும் வந்ததில்லை. ஊருக்கு வெளியே இருந்த ரப்பர் தோட்டத்தில், ஒரு புரட்டாசி மாதம் விடிவதற்கு முன்னால் பிறந்தார். தோட்டம் செம்பனையாக மாறியபோது குடும்பம் டவுன் பக்கம் வந்தது. கொஞ்ச காலம் லோரி ஓட்டினார், கல்யாணம் செய்துகொண்டார், இப்போது பேக்டரி பஸ் ஓட்டுகிறார். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆயர் குரோவுக்குப் போவார். சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். இதற்கு நடுவில் ஜாதகத்துக்கு எங்கே வேலை?

அவரிடம் ஒரே ஒரு குணம்தான் மனைவி சுசீலாவைப் படுத்தி எடுக்கும். எதையும் சட்டென்று தேர்ந்தெடுக்க வராது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கத்தரிக்காய் வாங்க நின்றால் ஒவ்வொரு காயாக எடுத்து, காம்பைப் பார்த்து, தட்டிப் பார்த்து, எல்லாவற்றையும் வைத்துவிட்டு, முதலில் எடுத்த காய் எங்கே என்று தேடுவார். அதற்குள் கடைக்காரர் கூடாரத்தைப் பிரிக்க ஆரம்பித்திருப்பார்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாரு. காப்பி ஆறிப்போயி எங்கப்பா மறுபடியும் கலக்கச் சொன்னாரு" என்று சுசீலா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

பஸ் ஓட்டுநர்கள் பகல் பொழுதைக் கழிப்பது பேக்டரிக்கு எதிரில் இருக்கும் மீனம்மாவின் ஒட்டுக்கடையில். காலையில் ஆப்பம், மத்தியானம் சோறு, எந்நேரமும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக். அங்கேதான் ஒரு நாள் வினை தொடங்கியது. கோகுலராஜ் என்ற இளவட்ட ஓட்டுநர் ஹேண்ட்போனில் ஜாதகம் பார்க்கும் ஆப் ஒன்றை இறக்கி வைத்திருந்தான். கடையில் இருந்த ஒவ்வொருவரும் தாம் ரிஷபம், தாம் விருச்சிகம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நீங்க என்ன லக்னம்?" என்று கேட்டான் கோகுலராஜ்.

"ஓ பாசிட்டிவ்" என்றார் முனுசாமி.

கடை குலுங்கியது. மீனம்மா தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கை ஆடி, பாதி தேநீர் தரையில் போனது. "அது ரத்தம்லா தம்பி!" என்றாள் அவள். "நான் மீன லக்னம். என் பேரிலேயே மீன் இருக்கு பாரு. மனுசன்னா தான் யாருன்னு தெரிஞ்சிருக்கணும்."

அந்தச் சொல் முனுசாமியைத் தைத்துவிட்டது. பஸ்ஸுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஹேண்ட்போனில் 'ஜாதகம்' என்று தட்டினார். கத்தரிக்காய்க் கூடையே கவிழ்ந்ததுபோல் ஆப்புகள் கொட்டின. எதை எடுப்பது? ஒன்றுக்கு நிறைய நட்சத்திரம். ஆனால் விமர்சனம் எழுதியவர்கள் எல்லாரும் ஒரே ஆள் மாதிரி எழுதியிருந்தார்கள். இன்னொன்று திறந்ததுமே மணியடித்து, 'உங்களுக்குக் கடுமையான தோஷம் உள்ளது' என்றது. அவர் இன்னும் பெயரைக்கூடக் கொடுக்கவில்லை. வேறொன்று வடநாட்டு முறையில் சாய்சதுரமாகக் கட்டம் போட்டுக் காட்டியது. "இது ஜாதகமா, வாவ் பட்டமா?" என்று அதை மூடினார். வெள்ளைக்காரர்களின் ஆப் ஒன்று சைக்கிள் சக்கரம் போல வட்டமாக வரைந்தது. கடைசியில், நம் ஊர் முறையில் பன்னிரண்டு கட்டத்தைச் சதுரமாகப் போட்டு, தமிழும் ஓரளவு பிழையில்லாமல் இருந்த ஒன்றைப் பிடித்தார்.

பிறந்த நேரம் கேட்டது. ஐந்து ஐம்பது என்று அக்கா முனியாயி எப்போதோ சொல்லியிருந்தாள். ஊர் கேட்டது. மெர்லிமாவ் என்று தட்டினார். அப்படியோர் ஊரே இல்லை என்றது. மலாக்கா என்று தட்டத் தொடங்கினார். நாலு எழுத்து முடிவதற்குள் கீழே ஒரு பெயர் வந்து நின்றது. மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. தொட்டுவிட்டார்.

'சிம்ம லக்னம்' என்றது ஆப். கீழே விளக்கமும் வந்தது: பிறவித் தலைவர், யாருக்கும் அடங்காதவர், கர்ஜனை செய்பவர்.

முனுசாமி பஸ் கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டார். இத்தனை நாள் அது சும்மா வளரவில்லை என்று தோன்றியது.

அன்று இரவு சாப்பாடு முடிந்ததும், வழக்கமாகப் பாத்திரம் கழுவுகிற மனிதர் எழுந்து நேராக நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "நான் சிம்ம லக்னம்" என்றார் சுசீலாவிடம்.

சுசீலா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சரி. காட்டுல சிங்கத்துக்கு யாரு மங்கு கழுவுறா?"

"சிங்கம் மங்குல சாப்பிடாது."

"அப்ப நாளையிலிருந்து தரையில போடுறேன்."

சிங்கம் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவியது.

ஒரு ஆப் சொன்னதோடு நிறுத்துகிற ஆளாக இருந்தால் அவர் முனுசாமியே இல்லை. மறுநாள் இன்னொன்றை இறக்கினார். இம்முறை கண்ணாடி போட்டுக்கொண்டு மலாக்காவைச் சரியாகவே தேர்ந்தெடுத்தார். அது 'துலா லக்னம்' என்றது: கலை ஆர்வம் மிக்கவர், குரல் வளம் உடையவர். மற்றதைப் படிக்கப் பணம் கேட்டதால் அதோடு நிறுத்திக்கொண்டார். குரல் வளம் போதாதா? அன்று மாலையே பஸ்ஸில் பாட ஆரம்பித்தார். நேபாளத் தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காதில் இயர்போனைச் செருகினார்கள். முன் சீட்டில் எப்போதும் உட்காரும் மலாய்க்கார அம்மா ரொஹானி, ஜாசின் சிக்னல் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார்.

"பாச்சிக், சாகித் பெருட் கா?" என்று கேட்டார் பரிவோடு. மாமா, வயிற்றுவலியா என்று அர்த்தம்.

துலாம் அன்றோடு ஓய்ந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. சிங்கத்துக்கு ஒரு ஓட்டு, தராசுக்கு ஒரு ஓட்டு. முடிவு செய்ய மூன்றாவது ஆப் ஒன்றை இறக்கினார். அதுவும் சிம்மம் என்றது. இரண்டுக்கு ஒன்று! பொதுத் தேர்தலில்கூட இவ்வளவு தெளிவாக வருவதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் திருவிழாக் கூட்டம். தலைவர் கந்தசாமி ஒவ்வொரு வேலைக்கும் ஆள் கேட்டுக்கொண்டு வந்தார். தண்ணீர்ப் பந்தல் வந்தபோது வழக்கம்போல எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். வெயிலில் நிற்க வேண்டும், ஐஸ் தூக்க வேண்டும், கடைசியில் குப்பையும் அள்ள வேண்டும். எத்தனையோ வருடங்களாகக் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த முனுசாமி எழுந்து நின்றார்.

"நான் தலைமை ஏத்துக்கிறேன்!" என்று முழங்கினார். "நான் சிம்ம லக்னத்துல பொறந்தவன். தலைமை என் ரத்தத்துல ஊறினது!"

"ஓ பாசிட்டிவ் ரத்தம்" என்று கோகுலராஜ் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தான்.

கந்தசாமிக்கு ஜாதகத்தில் ஆசை அதிகம். "அப்படியா முனுசாமி? எங்க, கட்டத்தைக் காட்டு, எல்லாரும் பார்க்கட்டும்" என்றார். கோகுலராஜ் ஓடிவந்து முனுசாமியின் ஹேண்ட்போனை வாங்கி, மண்டபத்துப் பெரிய டிவியோடு இணைத்தான். முதல் ஆப் திறந்தது. சுவர் அகலத்துக்குச் சிம்ம லக்னம் வந்தது. அதன் தலைக்கு மேல், கொட்டை எழுத்தில்:

'பிறந்த இடம்: மாலகா, ஸ்பெயின்.'

பின்வரிசையில் யாரோ ஒருவர் ஸ்பெயின் காளைச் சண்டைக்காரர்போல் துண்டை விரித்துக் காட்டினார். அவ்வளவுதான். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. முனுசாமி டிவியையும் ஹேண்ட்போனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வாழ்நாளில் போன மிகத் தூரமான ஊர், மலேசியாவுக்குள்ளேயே இருக்கும் கோத்தா பாரு.

கந்தசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை உயர்த்தினார். "யாரும் சிரிக்காதீங்க. ஒரு மனுசன் ஸ்பெயின்லேருந்து வந்து நம்ம கோயிலுக்குத் தண்ணி ஊத்துறேன்னு சொல்றாரு. வேணாம்னா சொல்லுவோம்?"

தண்ணீர்ப் பந்தல் முனுசாமிக்கே என்று முடிவானது.

மகள் ஷாமினி புக்கிட் பெருவாங்கில் தங்கி கணினி படிக்கிறாள். அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தவள், அப்பா முகம் தொங்கிக் கிடப்பதைக் கண்டு ஹேண்ட்போனைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"ப்பா, ஊர் மட்டும் இல்ல, எல்லாமே தப்புலா. இந்தத் துலாம் ஆப் இருக்குல்ல, இது ஊரை மலாக்கான்னு எடுத்துக்கிட்டு நேரத்தை இந்தியா நேரம்னு வச்சிருக்கு. அதான் ரெண்டு மணி நேரம் தள்ளிப் போயி லக்னம் மாறிடுச்சு."

"அப்ப மூணாவது? அது மலேசியா நேரம்தானே? அதுவும் சிம்மம்தானே சொன்னுச்சு?" முனுசாமிக்கு உயிர் வந்தது.

ஷாமினி எதையோ தேடிப் படித்தாள். "இது இப்போ உள்ள நேரத்தைப் போட்டிருக்கு. எண்பத்திரண்டாம் வருசம்தான் நம்ம நாட்டுல கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சாங்க. நீங்க அதுக்கு முன்னாடியே பொறந்தவரு. பழைய நேரம் தெரிஞ்ச ஆப்பாப் பார்த்து எடுக்கணும். இல்லாட்டி நாமளே மாத்திப் போடுறதுக்கு இடம் இருக்கணும்." அப்படிப்பட்ட ஒன்றைக் கண்டுபிடித்து, அரை மணி நேரத்தைச் சரிசெய்து, அழுத்தினாள். சக்கரம் சுழன்றது.

"என்னா வந்துச்சு?" என்று சமையல்கட்டிலிருந்து சுசீலா எட்டிப் பார்த்தாள்.

ஷாமினி வாயைப் பொத்திக்கொண்டாள். "கன்னி."

சுசீலா தோசைக் கரண்டியோடு வந்து கணவரின் மீசையைப் பார்த்தாள், தொப்பையைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆனா ஓரத்துல இருக்குப்பா" என்றாள் ஷாமினி. "இன்னும் கொஞ்சம் முன்னாடி பொறந்திருந்தா சிம்மம். நேரம் கரெக்டான்னு அத்தைக்கிட்ட கேளுங்க."

முனியாயி சிம்பாங் அம்பாட்டில் இருந்தாள். முனுசாமி அவள் எண்ணை அழுத்தினார்.

"அக்கா, நான் பொறந்தது கரெக்டா அஞ்சு அம்பதுதானே?"

"யாருடா சொன்னா?"

"நீதான்கா சொன்ன!"

"நானா?" மறுமுனையில் முனியாயி யோசித்தாள். "டேய், எனக்கு அப்ப என்ன வயசு? நானே தூங்கிக்கிட்டு இருந்தேன். எழுந்து பார்த்தா நீ கெடக்குற. பள்ளிக்கூடத்துல ஒரு நாள் உங்க வாத்தியார் கேட்டாருன்னு வந்து நின்ன. ஏதோ ஒரு நேரத்தைச் சொல்லி அனுப்புனேன். அதையா இன்னும் வச்சிருக்க?"

போனை வைத்துவிட்டு முனுசாமி நாற்காலியில் சாய்ந்து, மீசையைக் கீழ்ப்பக்கமாக நீவிவிட்டுக்கொண்டார். ஷாமினிக்குப் பாவமாகிவிட்டது. ஆப்பில் 'பிறந்த நேரம் தெரியாது' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் புள்ளி வைத்தாள். லக்னம் மறைந்தது, சந்திரன் நிற்கும் ராசியும் நட்சத்திரமும் மட்டும் மிஞ்சின.

"ப்பா, இங்க பாருங்க. சந்திரன் மெதுவாத்தான் நகரும். அரை மணி முன்னே பின்னே போனாலும், ஸ்பெயினுக்கே போனாலும் உங்களுக்கு ராசி மாறல. எல்லா ஆப்லயும் இது ஒன்னுதான் வந்திருக்கு. நீங்கதான் கீழ வரைக்கும் படிக்கல."

முனுசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பூர நட்சத்திரம். சிம்ம ராசி.

அவர் நாற்காலியை விட்டு எழுந்து வாசல் வரைக்கும் போய், தாமான் குடியிருப்பு முழுவதும் கேட்கும்படி ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுத் திரும்பி வந்தார். பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் சன்னலைச் சாத்திக்கொண்டார்.

திருவிழாவுக்கு இரண்டு சிரப் வாங்கிக் கொடுத்தார்கள், ரோஜா ஒன்று, பச்சை நிறப் பண்டான் இலை ஒன்று. எதைக் கலக்குவது என்று பந்தல் தலைவர் முனுசாமியால் முடிவு செய்ய முடியவில்லை. வரிசை தேர் வரைக்கும் நீண்டுவிடவே, இரண்டையும் ஒரே அண்டாவில் ஊற்றிவிட்டார். தண்ணீர் மழைக்காலத்து ஆற்று நிறத்துக்கு வந்தது. வெயில் கொடுமையில் மக்கள் கேள்வி கேட்காமல் குடித்தார்கள். சிலர் இரண்டாவது தடவையும் வந்து, இது என்ன தண்ணீர் என்று விசாரித்தார்கள். "ஸ்பெயின் சர்பத்" என்றார் கந்தசாமி.

அதற்குப் பிறகு மீனம்மா கடையில் முனுசாமியின் மதிப்பு ஏறிவிட்டது. அந்த அரை மணி நேரச் சங்கதி பரவியதும், எண்பத்திரண்டுக்கு முன்னால் பிறந்த ஓட்டுநர்கள் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, மருத்துவர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல ஒவ்வொருவர் ஹேண்ட்போனையும் வாங்கிப் பார்த்தார். முதலில் ஊரைக் கேட்பார். பிறகு நேரத்தைக் கேட்பார். "யாரு சொன்ன நேரம்? சொன்னவங்க முழிச்சிருந்தாங்களா?" என்பது அவருடைய மூன்றாவது கேள்வி. ரிஷபம் மிதுனமானது. விருச்சிகம் தனுசாகி, இத்தனை நாள் காட்டிய கோபத்தையெல்லாம் என்ன செய்வது என்று தெரியாமல், பால் இல்லாத தே ஓ கேட்டது.

கடைசியில் மீனம்மாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஹேண்ட்போனை நீட்டினாள். முனுசாமி அரை மணி நேரத்தைத் திருத்தினார். திரையைப் பார்த்தார். மீனம்மாவைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"சொல்லு தம்பி."

"அக்கா... மேஷம்னு வருதுக்கா."

மீனம்மா ஹேண்ட்போனை வாங்கி அடுப்பு மேடையில் குப்புற வைத்தாள்.

"அப்ப போர்டுல என் பேரை மேஷம்மான்னு மாத்திடலாமா? நல்லாப் பாரு, இந்தக் கடையில ஆப்பம் இருக்கு. ஆப் கிடையாது. சாப்பிடுறவன் உட்காரு, மத்தவன் பஸ்ஸுக்குப் போ."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். முனுசாமிக்கு ஆப்பமா, இட்லியா என்று யோசனை வந்தது. மீனம்மா அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேட்காமலேயே ஆப்பத்தைத் தட்டில் போட்டாள்.