உப்புமாவும் ஒரு இதய ஸ்கேனும்

அந்த டாக்டரை இப்போது நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கும். என்னை நினைத்தாலும் அப்படித்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். டில்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் டெக்னீஷியனாக இருந்தேன். இதய ரத்தக் குழாய்களின் சுவரில் அழற்சி இருக்கிறதா என்று படம் பிடித்துப் பார்க்கும் ஆராய்ச்சி ஒன்றை அந்த டாக்டர் நடத்தினார். சர்க்கரை போன்ற ஒரு கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றுவோம். அழற்சி உள்ள இடம் அதை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். ஆனால் இதயத் தசையும் சர்க்கரையைத் தின்னும். முதல் நாளே சோறு, ரொட்டி, பழம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பனீரும் வெண்ணெயுமாகத் தின்று, பிறகு பன்னிரண்டு மணி நேரம் வெறும் தண்ணீரில் இருந்தால்தான் தசை அடங்கிக் கிடக்கும். இல்லையென்றால் இதயம் முழுக்கப் பற்றி எரிவதுபோல் தெரியும். குழாயில் ஒரு மண்ணும் பார்க்க முடியாது.

தமிழ் ஆட்கள் வந்தால் என் தலையில் கட்டுவார்கள். அப்படி வந்தவர் மோதி பாக் குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு அரசாங்க கார் டிரைவர். மதுரைக்காரர், ஐம்பது வயது. மாரடைப்பு வந்து தேறியிருந்தார். மெடிக்கல் போர்டு தகுதி என்று எழுதினால்தான் மறுபடி வண்டி ஓட்ட முடியும். எங்கள் ரிப்போர்ட்டும் போர்டுக்குப் போகும்.

அவர் வந்தது புரட்டாசி சனிக்கிழமை.

"அண்ணே, ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"விரதம் தம்பி. சோத்தக் கண்ணால பாக்கல."

ஃபாரத்தில் 'பன்னிரண்டு மணி நேரம் பட்டினி' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். படம் வந்தது. இதயம் முழுக்கத் தகதகவென்று எரிந்தது. வெளியே வந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டப்பாவைத் திறந்தார். ரவா உப்புமா.

"எடுத்துக்க தம்பி. காலைல வீட்டுல கிண்டுனதுதான். ரெண்டு கரண்டி தின்னுட்டு, ரெண்டு பழமும் முழுங்கிட்டுத்தான் பஸ் ஏறுனேன்."

"சாப்பிடலன்னு சொன்னீங்களே!"

"இது சாப்பாடாய்யா? பலகாரம். உங்க வீட்டுல விரதம்னா என்ன, காத்தையா குடிப்பீங்க?"

என் வீட்டிலும் விரத நாளில் இட்லிதான். நான் அல்லவா துருவிக் கேட்டிருக்க வேண்டும்? சோம்பேறித்தனம்.

டாக்டரிடம் ஓடினேன். அதற்குள் அவர் 'தீவிர அழற்சி' என்று எழுதிவிட்டார். மாநாட்டில் காட்ட அவருக்கு ஒரு பளிச்சென்ற படம் தேவைப்பட்டது.

"அரே பையா, சூஜிதானே, வெறும் ரவைதானே? பரோட்டா இல்லையே. படம் எவ்வளவு அழகா வந்திருக்கு பாரு."

"இது தப்பான படம் சார். அந்த ஆளுக்கு வண்டி போயிடும்."

"அந்த மதராசிக்கு நாற்காலி வேலை குடுப்பாங்க. மஜாவா உக்காரட்டும். நீ உன் வேலையைப் பாரு."

இதைச் சொல்லும்போது சமோசா தின்றுகொண்டிருந்தார். வாயோரம் எண்ணெய்.

நான் என்ன செய்தேன்? என் வேலையைப் பார்த்தேன். மூன்று நாள். டெம்பரரி வேலை, பெண்டாட்டி பிள்ளை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். நாலாம் நாள் டிரைவர் ரிப்போர்ட் வாங்க வந்தார். அடுத்த நாள் போர்டு. சட்டையை இஸ்திரி போட்டு, முடி வெட்டி, மை அடித்து வந்திருந்தார். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஃபாரத்தை எடுத்து, நான் போட்ட டிக்கைக் கோடு போட்டு அடித்தேன். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நகலை அவர் கையில் கொடுத்து, "இத போர்டுல காட்டுங்கண்ணே" என்றேன். இன்னொன்றை டாக்டர் மேஜையில் வைத்து, "ஒரு நகல் அந்த ஆள் கையில இருக்கு சார்" என்றேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துவிட்டு, 'முன்தயாரிப்பு சரியில்லை, படம் செல்லாது' என்று எழுதினார். மறுநாளே என்னை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளினார்.

போர்டு டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்து டிரைவருக்கு வண்டியைத் திருப்பிக் கொடுத்தது. அதைச் சொல்லத்தான் வந்தார். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் அவரிடம் உளறினேன், அந்த மூன்று நாளையும் சேர்த்து.

சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"அப்ப அன்னிக்கு நான் வராம, ரிப்போர்ட் நேரா போர்டுக்குப் போயிருந்தா?"

 பதிலுக்குக் காத்திராமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.