"யாரிடம்?" என்று சிவப்பு மையில் எழுதியவர்

டைம் ஆபீஸ் பரமசிவம் சார் இன்னைக்குக் காலையில செத்துட்டார்.

பழைய கம்பெனி ஆளுங்க வாட்ஸப் குரூப்ல நியூஸ் வந்தது. "இறைவனடி சேர்ந்தார்", "ஈடு செய்ய முடியாத இழப்பு"ன்னு ஒவ்வொருத்தரா போடுறாங்க... எனக்கு அதெல்லாம் வரல. அதான் இங்க எழுத வந்துட்டேன்.

செத்தவரைப் பத்தி நல்லதுதான் பேசணும்னு கமெண்ட்ல யாரும் வராதீங்க. ப்ளீஸ்.

எண்பத்தேழு, எண்பத்தெட்டாம் வருஷம் இருக்கும். இராஜபாளையத்துல ஒரு பேண்டேஜ் கம்பெனில பேக்கிங்ல இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து தினம் டவுன் பஸ். படிச்சது அஞ்சாம் கிளாஸ்.

அட்டெண்டன்ஸ், லீவு, நோட்டீஸ் போர்டு எல்லாம் பரமசிவம் சார் கையிலதான். சட்டைப் பையில எப்பவும் ரெண்டு பேனா. ஒண்ணு சிவப்பு.

எங்க அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல சைக்கிள் கடை வச்சிருந்தார். ஒரு நாள் மத்தியானம் டியூபுக்குக் காத்து அடிச்சுக்கிட்டு இருந்தவர் அப்படியே உக்காந்துட்டார். அம்புட்டுதான்.

அழுதுக்கிட்டே லீவ் லெட்டர் எழுதி, கூட வேலை பார்த்த ஜெபமணி கைல குடுத்துவிட்டேன். "அய்யா, என் அப்பா நேற்று இரந்து விட்டார். பதினாறு நாள் லீவு வேண்டும்."

பதினேழாம் நாள் வேலைக்குப் போறேன். என் லெட்டர் நோட்டீஸ் போர்டுல தொங்குது. ஷிஃப்ட் லிஸ்ட்டுக்குப் பக்கத்துல.

"இரந்து"ங்கிறதைச் சுத்தி சிவப்புல வட்டம். ஓரத்துல ஒரே வார்த்தை. "யாரிடம்?"

எனக்குப் புரியல. ஜெபமணிதான் மெல்ல சொன்னா. "ஏட்டி, பெரிய ற போட்டிருக்கணும். சின்ன ர போட்டா பிச்சை கேக்கிறதுன்னு அர்த்தம்."

"நீ கிழிச்சு எறிஞ்சிருக்கலாம்ல?"

"கிழிச்சேன்ட்டி. சார்தான் திரும்ப ஒட்டி மாட்டிட்டாவ."

கேண்டீன்ல டீ வாங்கப் போனா ஒருத்தன் கேக்கிறான், "உங்க அய்யாவுக்கு எம்புட்டு கெடச்சுது?" எங்க அப்பா யார் வீட்டு வாசல்லயும் போய் நின்ன ஆளில்ல.

நேரா டைம் ஆபீசுக்குப் போனேன். "சார், அது எங்க அப்பா சார்."

அவர் நிமிர்ந்தே பார்க்கல. "அப்பான்னா இன்னும் கவனமா எழுதணும். தமிழைக் கொல்லக் கூடாதும்மா"ன்னார்.

அன்னைக்கு முடிவு பண்ணேன். இவர் எழுதுறதுல ஒரு தப்பு... ஒண்ணே ஒண்ணு. அதைக் கண்டுபிடிக்காம இந்தக் கம்பெனிய விட்டுப் போறதில்ல.

தம்பியோட தமிழ்ப் புத்தகத்தை பஸ்ல நின்னுக்கிட்டே படிச்சேன். ஆறாம் கிளாஸ், ஏழு, எட்டு. பேக்கிங் அட்டையில எழுதிப் பார்ப்பேன். ஜெபமணி பத்தாவது பாஸ். சாப்பாட்டு நேரத்துல திருத்துவா.

சார் ஒட்டுற ஒவ்வொரு நோட்டீசையும் எழுத்தெழுத்தா பார்த்தேன். நாலு வருஷம். ஒரு புள்ளி கூடக் கொறையல. பாவி மனுசன், அம்புட்டு சுத்தமா எழுதுவார்.

பொறவு ஒரு ஆயுத பூஜைக்கு காம்பவுண்டுக்கு வெள்ளை அடிச்சாங்க. சார் எழுதிக் குடுத்ததை பெயிண்டர் ஆள் உயரத்துக்கு எழுதினார். "சுவற்றில் எச்சில் துப்பாதீர்."

சுவருக்கு சின்ன ர. "சுவரில்"னுதான் வரணும். ஜெபமணிகிட்ட ரெண்டு தடவ கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன்.

பூஜை அன்னைக்கு முதலாளி, அவிய குடும்பம், மொத்த ஷிஃப்டும் நிக்குது. பொரி குடுத்துக்கிட்டு இருக்காங்க. நான் முன்னால போனேன். "முதலாளி, காம்பவுண்டுல எழுதினது தப்பு. சுவரில்னு வரணும்."

முதலாளி சாரைப் பார்த்தார். "என்னய்யா, இந்தப் பிள்ள சொல்றது நெசமா?"

சார் அந்த எழுத்தைப் பார்த்தார். காதெல்லாம் செவந்து போச்சு. "ஆமாங்க"ன்னார்.

பின்னால யாரோ சிரிச்சாங்க. பொறவு எல்லாரும். நான் சிரிக்கல. அவர் மூஞ்சிய மட்டும் பார்த்துக்கிட்டு நின்னேன். இன்னைக்கு நெனச்சாலும் இனிக்குது.

அடுத்த வாரமே என்னை ப்ளீச்சிங் செக்‌ஷனுக்கு மாத்தினார். ரெண்டு வருஷம் அந்த நெடியில. உள்ளங்கைத் தோல் உரிஞ்சு உரிஞ்சு வரும். மாத்திக் குடுங்கன்னு ஒரு நாளும் போய்க் கேக்கல.

கம்பெனிய மூடி, நாங்கல்லாம் பேரன் பேத்தி எடுத்த பொறவு யாரோ இந்த வாட்ஸப் குரூப்ப ஆரம்பிச்சாங்க. சாரும் வந்தார்.

ஒரு நாள் ஜெபமணி அவசரத்துல, "மகளுக்கு குலந்தை பிறந்திருக்கு"ன்னு போட்டா. சார்கிட்டருந்து பதில்... "குழந்தை." வாழ்த்து கிடையாது, ஒண்ணும் கிடையாது. சாயங்காலமே அவ குரூப்ப விட்டுப் போயிட்டா.

மறுநாள் காலையில ஆறு மணிக்கு நான் போட்டேன். "காளை வனக்கம்."

வேணும்னேதான்.

அஞ்சு நிமிஷத்துல வந்தது. "காலை வணக்கம்."

அடுத்த நாளும் போட்டேன். அதுக்கு அடுத்த நாளும். ரெண்டு வருஷம். அவரும் தினம் திருத்தினார். அவரால பார்த்துட்டு சும்மா இருக்க முடியல... அது எனக்குத் தெரியும்.

போன மாசம் ஆஸ்பத்திரில சேர்த்தாங்க. "அப்பா கைல ட்ரிப்ஸ் ஏறுது, போனை வாங்கி வச்சா சண்டைக்கு வாராங்க. நெலம தெரிஞ்சு மெசேஜ் போடுங்க"ன்னு அவர் மகன் குரூப்ல எழுதினான்.

படிச்சேன். மறுநாள் கரெக்டா ஆறு மணிக்குப் போட்டேன்.

திருத்தினார்.

கடைசி மூணு நாளா ஒண்ணும் வரல. பாவம்னு தோணுதான்னு பார்த்தேன். தோணல.

நான் வாக்கப்பட்டு வந்தது இராஜபாளையம்தான். சார் வீடு இங்கருந்து ரெண்டு தெரு. கொட்டுச் சத்தம் கேக்குது. பக்கத்து வீட்டு அக்கா வாசல்ல நின்னு, "வாரியா, ஒரு எட்டு பார்த்துட்டு வந்துருவோம்"னு கூப்பிட்டாங்க. துணி ஊற வச்சிருக்கேன்னு சொல்லிட்டேன்.

சாரைப் போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன்.

போங்க சார்.