பூத்த மரத்தில் அரிவாள்

"அண்ணி, எறங்குங்க. பூ வுட்டிருக்கற மரத்த யாராவது கழிப்பாங்களா?"

செந்தமிழ்செல்வன் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான். பக்கத்துக் கொல்லை அவனுடையது. கலைமணி இறங்கவில்லை. பூங்கொத்தோடு நீட்டிக்கொண்டிருந்த முந்திரிக் கிளையில் அரிவாளைப் போட்டாள். கிளை அவன் காலடியில் விழுந்தது.

காடாம்புலியூரில் இருந்த அந்த ரெண்டு ஏக்கர் செம்மண்ணில் ஒரு காலத்தில் கம்பும் மல்லாட்டை எனும் வேர்க்கடலையும்தான் விளைந்தன. மழை ஏமாற்றி ஏமாற்றி, கடைசியில் அவள் மாமனார் முந்திரி போட்டார். கணவர் காய்ச்சலில் இறந்த பிறகும் அந்த மரங்கள்தான் சோறு போட்டன. 2011 டிசம்பரில் 'தானே' புயல் ஒரே காலையில் அத்தனையையும் வேரோடு சாய்த்தது. மறுவருஷம் ஒட்டுக்கன்று நட்டாள். அவை காய்க்கும்வரை முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் தோலுரிந்தது.

இப்போது மறுபடியும் டிசம்பர். நாளை மதியம் புயல் கடலூரை ஒட்டிக் கரையைக் கடக்கும் என்று செய்தி. சிதம்பரத்தில் வேளாண்மை படிக்கும் மகள் வினோதினி காலையில் போன் செய்திருந்தாள். "தலபாரத்தக் கொறச்சா காத்து பூந்து போயிடும்மா. மரம் நிக்கும். ஆனா இந்த வருஷம் காய் இருக்காது."

அதைக் கலைமணி சொன்னதும் செந்தமிழ்செல்வன் சிரித்தான். "போன வருஷமும் இப்புடித்தான் சொன்னாங்க. ஆந்திராவுக்குப் போயிடுச்சு. வரலன்னா என்னா பண்ணுவீங்க?"

"திரும்பக் கொட்ட ஒடைக்கப் போறேன். மரம் போச்சின்னா இன்னொரு தடவ அஞ்சு வருஷம் காத்துக் கெடக்க என்னால முடியாது தம்பி."

அவன் ஏணியை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

கூலிக்கு வந்த ரெண்டு பெண்களோடு சாயங்காலம்வரை வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் பூ உதிர்ந்து தலையில் கொட்டியது. அவன் சொன்னதுபோல் புயல் வராமலே போய்விட்டால்? மழை பிடித்துக்கொண்டபோது முந்திரி எல்லாம் முடிந்திருந்தது. வீட்டோரத்துப் பலா மட்டும் பாக்கி. அதில் பிஞ்சு வைத்திருந்தது. ஏணியைச் சாத்தினாள், அரிவாளை எடுத்தாள், கை வரவில்லை. விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கே காற்று இரைந்தது. கதவைத் தாழிட்டு முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். வெளியே மரங்கள் முறியும் சத்தம். யார் கொல்லையில் என்று தெரியவில்லை. பிறகு மிக அருகில் ஒன்று பிளந்தது; கூரை ஓடுகள் நொறுங்கி உள்ளே விழுந்தன. மூலைக்கு ஓடி, தலையைக் கையால் மூடிக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் காற்று ஓய்ந்தது. பலா சமையலறைமேல் படுத்திருந்தது. தாண்டிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். மொட்டை மொட்டையாக முந்திரி மரங்கள். எண்ணிப் பார்த்தாள். நாலுதான் விழுந்திருந்தன.

செந்தமிழ்செல்வன் கொல்லையில் பாதிக்குமேல் காலி. சாய்ந்த மரமொன்றின் அடியில் மண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கலைமணிக்கு ஒரு வார்த்தை சொல்ல நாக்கு துடித்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது.

"வேரு முழுசா அறுபடலப்பா. நிமுத்தி மண்ணணைச்சா பொழச்சிக்கும். கயிறு இருக்குதா?"

அவன் எழுந்து போய் வடக்கயிறு கொண்டுவந்தான். இருட்டுவதற்குள் ஏழு மரங்களை நிமிர்த்தினார்கள்.

அந்த வருஷம் அவள் கொட்டை உடைக்கத்தான் போனாள்.