ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைத்த கைமா

தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என் மாமனார், நான் எழுந்துபோய்த் தெரு ஜன்னலைச் சாத்துவதைப் பார்த்ததும் கை நனைக்காமலேயே எழுந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் முதன்முறையாக ஆம்பூரிலிருந்து வந்திருந்தார். தோல் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்தவர். மகள் ஆசையாகச் சமைத்த மாட்டுக்கறியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. "ஜன்னல சாத்திட்டு துன்ற சோறு எனக்கு எறங்காதுங்க மாப்ள" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி என்னை ஒரு ஆளாகக் காட்டியிருப்பேன். அந்த வாய்ப்பையும் தராமல் பஸ் ஏறிவிட்டார்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. நான் கீழ்பென்னாத்தூர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். மாட்டுக்கறி கல்யாணத்துக்குப் பிறகு பழகியதுதான். ருசி பழகியது, தைரியம் பழகவில்லை.

சில மாதங்கள் கழித்து அவர் மறுபடி வருவதாகச் செய்தி வந்தது. செங்கம் சாலையில் ஒரு கபேயில் வெளிநாட்டவருக்கு முட்டைக்கோஸ் சாண்ட்விச் செய்து தருவது என் வேலை. அதில் எனக்கு உலகச் சமையல்காரன் என்ற நினைப்பு வேறு. "ஜன்னல தெறந்து வச்சே மாமாவுக்கு கைமா சாண்ட்விச் செய்யறேன் பாரு" என்று மனைவியிடம் சவால் விட்டேன். "இந்த வாட்டியும் அப்பா சாப்பிடாம போனா, அவரோட நானும் போயிடுவேன்" என்றாள். அவள் சிரித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

லீவு நாளாகப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அன்று பௌர்ணமி. நாளை மாற்றினால் பயந்துவிட்டேன் என்பார். பயந்ததென்னவோ உண்மைதான்.

அன்று மாலை பதற்றத்தில் ஊருக்கே போதுமான ரொட்டி வாங்கி வந்து, பாக்கெட்டுகளை ஜன்னலோரம் அடுக்கினேன். கொத்திய கறி வெங்காயத்தோடும் மிளகோடும் வதங்க வதங்க, அந்த வாசனை பாதையில் நடந்தவர்களையெல்லாம் கூப்பிட்டது. ஓர் அம்மா ஜன்னலுக்குள் காகிதத் தட்டை நீட்டினார். "அண்ணே, இங்கயும் அன்னதானமா?" நிமிர்ந்து பார்த்தால் அவர் பின்னால் வரிசை நின்றுவிட்டது. பௌர்ணமியன்று இந்தப் பாதையில் விளக்கெரியும் ஜன்னலோரம் எதை அடுக்கினாலும் அது அன்னதானம்தான். இங்கேயே குடியிருக்கும் எனக்கு அது தோன்றவில்லை.

"இல்லம்மா, இது வீட்டுச் சாப்பாடு."

"நாங்க மட்டும் காட்டு ஆளுங்களா? கொஞ்சமா குடுங்க, புள்ள நடக்க மாட்டேங்குது."

என் கை தானாக ஜன்னல் கதவுக்குப் போனது. பின்னால் நாற்காலியில் மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகக் கைமாவைக் கிளறிக்கொண்டிருந்த மனைவி கரண்டியை நிறுத்திவிட்டாள். சாத்தினால் குடும்பம் போச்சு. சாத்தாமல் வாயை மூடிக்கொண்டு கொடுத்தால், நம்பிக் கை நீட்டுகிறவர்களுக்குத் துரோகம்.

"அம்மா, இது மாட்டுக்கறிங்க."

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் உடைந்து தெருவுக்கே கேட்டது. அந்த அம்மா வெடுக்கென்று தட்டை இழுத்துக்கொண்டார். "பௌர்ணமியும் அதுவுமா, கர்மம்" என்றபடி ஒருவர் விலகிப் போனார். அடுப்புமேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா நகரவில்லை.

"நல்லவேள சொன்ன. சரி, அந்தப் பிரிக்காத ரொட்டி சும்மாதான கெடக்குது?"

மாமனார் வெடித்துச் சிரித்தார். எழுந்து வந்து சோப்புப் போட்டுக் கை கழுவி, பாக்கெட்டைப் பிரித்து, ரொட்டியில் சர்க்கரை தூவி அவரே நீட்ட ஆரம்பித்தார். "சக்கர ஜாஸ்தியா, கம்மியா தாயி?" வேண்டாமென்று சிலர் போனார்கள். வாங்கியவர்கள்தான் அதிகம்.

ரொட்டி தீர்ந்த பிறகு வாணலியில் கைமா மட்டும் அனாதையாகக் கிடந்தது. மாமனார் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். "சோறு கீறு இருக்குதா மாப்ள?"

இப்போதும் வருகிறார், கைமாவைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறார். என் சாண்ட்விச்சை இன்றுவரை அவர் ருசி பார்த்ததில்லை. ஜன்னலை நான் சாத்துவதில்லை. ஆனால் வெளியே யாராவது நடையைத் தளர்த்தினால், என் கை இன்னும் ஜன்னல் கதவுப் பக்கம் போகத்தான் செய்கிறது.