பனிச்சங்கேணியில் ஒழுகிய ஒயிலும் பதினொரு மணிக் கெடுவும்

போன வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாவற்குடாவிலிருந்து பனிச்சங்கேணிக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போனேன். அங்கே இருக்கும் என் தங்கச்சி சுகந்தியை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பதினொரு மணிக்கு முன் சேர்க்க வேண்டும். மறுநாள் காலை ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுப்பதாக ஏற்பாடு. அவளுடைய கணவர் மீன்பிடிப் போட்டில் ஆழ்கடலுக்குப் போய்ப் பத்து நாள். என் கணவருக்கு வெல்லாவெளியில் வேலை, லீவு கிடைக்கவில்லை. மிஞ்சியது நான். அதுவரை கல்லடிப் பாலத்துக்கு அப்பால் தனியாக ஓட்டியதே இல்லை. முதல்நாள் சரியாகத் தூங்கவும் இல்லை.

காலை 5.40க்குப் புறப்பட்டேன். கேற்றைத் திறந்துவிட்ட கணவர், "எண்ணெய் பாத்தியா?" என்று கேட்டார். முள்ளைப் பார்த்தேன். "ஓம், முக்கால் டாங்கி இருக்கு," என்றேன். அவரும் தலையாட்டினார்.

ஏறாவூர் வரை பஸ்களும் மீன் மோட்டார் சைக்கிள்களும் என்னைப் பதறடித்தன. ஓட்டமாவடி தாண்டித் திருகோணமலை வீதியில் ஏறியதும் நெரிசல் விட்டது. வீதி நல்ல வீதி. மாடுகள்தான் நடுவில் படுத்துக்கொண்டு ஹோர்னுக்கும் அசையாது; காத்திருந்து போவதே வழி. 7.10க்குத் தங்கச்சி வீட்டு முற்றத்தில் நிறுத்தினேன். மீற்றரில் சரியாக 58 கிலோமீற்றர். எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அது முக்கால் மணி நேரம்தான் தாங்கியது. தங்கச்சியின் பையை ஏற்றப் போனபோது, காருக்குக் கீழே வெள்ளை மணலில் சோற்றுக் கோப்பை அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம். தொட்டுப் பார்த்தேன், வழுவழுத்தது. கணவருக்குப் போன் அடித்தேன்.

"காலையில எண்ணெய் பாத்தியா எண்டு கேட்டனே?"

"பாத்தன்தானே. முக்கால் டாங்கி எண்டும் சொன்னன்."

"நான் கேட்டது எஞ்சின் ஒயில்," என்றார்.

எங்கள் ஊரில் பெற்றோல் அடிப்பதற்கும் 'எண்ணெய் அடிக்கிறது' என்றுதானே சொல்கிறோம்! ஒயிலை ஒயில் என்று சொல்ல இவருக்கு வாய் வலித்ததா? அவரோ என் 'முக்கால் டாங்கி'யைப் பாதித் தூக்கத்தில் கேட்டிருக்கிறார். பிறகுதான் உண்மை வந்தது: ஞாயிற்றுக்கிழமை வீடியோ பார்த்து ஒயில் பில்டரைத் தானே மாற்றினாராம், அதுதான் மனதில் சந்தேகமாம். போனில் என் வாயில் வந்ததெல்லாம் இங்கே எழுதத் தகாதவை.

தங்கச்சி முன்வீட்டு ராசண்ணனைக் கூப்பிட்டாள். போட் எஞ்சின் திருத்துபவர். பொனற்றைத் திறந்து, ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். கீழ்க் கோட்டுக்கும் கீழேதான் ஈரம்.

"இப்பிடியே ஓடினா எஞ்சின் இறுகிப் போகும் புள்ள. முதல்ல எங்கால ஒழுகுது எண்டு பிடிப்பம்."

"பதினொரு மணிக்குள்ள போகணும் அண்ண," என்றேன்.

வீட்டிலிருந்து ஒரு லீற்றர் ஒயில் கொண்டுவந்து ஊற்றினார். பிறகு மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் எஞ்சினின் பக்கங்களைத் துடைத்துவிட்டு, "பவுடர் இருக்கா?" என்று கேட்டார். நான் விழித்தேன். தங்கச்சி ஒன்றும் கேட்காமல் ஆஸ்பத்திரிப் பையைத் திறந்து, பிறக்கப்போகும் பிள்ளைக்கு வாங்கிய பவுடர் டப்பாவை நீட்டினாள். காய்ந்த இடங்களில் அதைத் தூவி, எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார். எல்லா இடமும் வெள்ளை. பில்டரின் கழுத்தைச் சுற்றி மட்டும் கறுப்பு ஈரம்.

சூடு ஆற இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் நான் நடந்த நடையில் மட்டக்களப்புக்கே போயிருக்கலாம். தங்கச்சி வயிற்றில் கை வைத்தபடி பேசாமல் கதிரையில் இருந்தாள். பில்டரைக் கழற்றிய ராசண்ணன் சிரித்துவிட்டார்.

"பாருங்க, ரெண்டு றப்பர் வளையம். பழசு எஞ்சினோட ஒட்டிக்கிட்டு நிண்டிருக்கு. அதக் கழட்டாம மேலயே புதுசப் பூட்டியிருக்கு. மறுகா ஒழுகாம என்ன செய்யும்?"

பழைய வளையத்தை உரித்து, இருந்த இடத்தைத் துடைத்து, புது வளையத்தில் விரலால் ஒயில் பூசிக் கையாலேயே இறுக்கினார். மீண்டும் ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு துளி இல்லை. கம்பியில் அளவும் சரி. ஒயிலுக்கு 2,400 ரூபாய் வாங்கினார், கூலி வேண்டாம் என்றுவிட்டார்.

9.15க்குக் கிளம்பினோம். ஐம்பதுக்கு மேல் ஓடவில்லை. காயான்கேணி, வாழைச்சேனை, ஏறாவூர் என்று மூன்று இடத்தில் நிறுத்தி, வீதியோரம் குந்தி, காருக்கடியில் பார்த்தேன். நான் ஏறும்போதெல்லாம் தங்கச்சி, "ஒழுகல்லதானே அக்கா?" என்று மட்டும் கேட்டாள். 10.50க்கு ஆஸ்பத்திரி.

வார்ட்டில் தாதி பெயர் கேட்பதற்குள் தங்கச்சி சொன்னாள்: "மிஸ், விடியக்காலையில இருந்து புள்ள அசையிறது குறைவு."

தாதி வயிற்றில் கருவியை வைத்துத் தேடினார். சத்தம் இல்லை. இன்னொரு பக்கம் வைத்தார். பிறகு கேட்டது, டக்டக்கென்று வேகமாக. மறுநாள் வரை காத்திருக்கவில்லை. அன்று மத்தியானமே ஒப்பரேஷன். பெண் பிள்ளை, இரண்டரைக் கிலோ, நலம்.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்று பிறகு கேட்டேன்.

"நீங்க காருக்கே அந்தப் பாடு பட்டீங்க. இதையும் சொன்னா எங்கயாவது கொண்டுபோய் அடிச்சிருப்பீங்க."

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: புறப்படுமுன் சமதரையில் கம்பியை இழுத்து ஒயில் பாருங்கள். பில்டர் மாற்றினால் பழைய வளையம் கூடவே வந்ததா என்று பாருங்கள். ஒயிலும் ஒரு பவுடர் டப்பாவும் டிக்கியில் இருக்கட்டும். வயிற்றுப்பிள்ளையின் அசைவு குறைந்தால் யாருடைய காருக்கும் காத்திருக்க வேண்டாம், உடனே அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நான் அன்று மூன்று தரம் காருக்கடியில் குனிந்தேன். பக்கத்தில் இருந்தவளை ஒரு தரமும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.