ரட்சகர்த்தாவின் ஒப்பு

எங்கள் குடும்பத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஆஸ்தி ஒரே ஒரு வாக்கியம்: "அவிய வரட்டும்," அதாவது வீட்டுக்காரர் வரட்டும். வாசலில் யார் வந்து எதைக் கேட்டாலும் அதுதான் பதில். ஒருமுறை கூரையில் தீப்பிடித்து, பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வரச்சொல்லிக் கத்தியபோதும் என் அத்தை அதையேதான் சொன்னாளாம். இதைச் சொல்லி யாரும் சிரிப்பதில்லை. அடக்கத்துக்கு உதாரணம் காட்டுவார்கள்.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த சமயம் அது. பாறசாலைப் பக்கத்து ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்கும் மனுவில் ஒப்பு, அதாவது கையெழுத்து வாங்க, குன்னத்துகால் வரை வீடு வீடாக நடந்தேன். குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் கண்டவன் நான். சட்டைப்பையில் மைப்பேனா வேறு. தாய்மொழிக்கு உயிரையும் தருவேன் என்று முற்றம் முற்றமாக முழங்கினேன். தாய்மார்கள் கதவுக்குப் பின்னால் நின்று, "அவிய வரட்டும்" என்றார்கள்.

"இவளுவள இப்பிடி வளத்தது ஆருடே?" என்று கூட வந்த தோழர்கள் இருவரிடம் நொந்துகொண்டேன். படித்தவன் வீட்டுப் பெண்களைக் காட்டுகிறேன் என்று எங்கள் வீட்டுக்கே அழைத்துப்போனேன்.

அந்த வீட்டு வேதப்புத்தகத்துக்குள் மூன்று வாரமாக ஒரு தாள் கிடந்தது. என் படிப்புக்காக என் தங்கையை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியிருந்தார்கள். திரும்பச் சேர்த்துக்கொள்கிறேன் என்று ஒரு டீச்சர் கொடுத்த மலையாள விண்ணப்பத் தாள் அது. அடியில் 'ரட்சகர்த்தாவின் ஒப்பு' என்று ஒரு கோடு. தங்கை அதை வாசித்துக் காட்டியதும் அம்மை வெலவெலத்துப்போனாள்.

"ரட்சகர் எப்பிடி மக்கா ஒப்பு போடுவாரு? உபதேசியாரிட்ட கேக்கணுமா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பரலோகத்து ரட்சகர் இல்லை, வீட்டுக்குப் பொறுப்பானவர் என்று விளக்கினேன்.

"அப்பம் நீயே போடு அண்ணா. நீ போட்டாலும் மதி, அது போதும்னு டீச்சர் சொன்னாவ."

நான் சொன்னேன்: "அப்பா வரட்டும்." அப்பா தினமும் வந்துகொண்டுதான் இருந்தார்.

இப்போது தோழர்கள் பார்க்க, தங்கையிடம் மனுவை நீட்டினேன். அவள் தலை நிமிரவில்லை. பழக்கிக்கொடுத்த அதே அடக்கக் குரலில் சொன்னாள்:

"அண்ணன் முதல்ல ரட்சகர் ஆவட்டும். பிறகு போடுறேன்." தாளை எடுத்து வந்து மனுவின் மேலேயே வைத்தாள். "நாளைக்குக் கடைசி நாளாக்கும்."

"எலே, இது என்னடே?" என்றான் ஒரு தோழன்.

உயிரையே தருவேன் என்றவன் ஒரு ஒப்புக்கு வியர்த்தேன். போட்டேன். அவளும் மனுவில் போட்டாள், என்னுடையதைவிட வடிவாக.

சாயங்காலம் அப்பா வருமுன்பே பள்ளிக்கூடத் தாளில் நான் ஒப்பு போட்ட செய்தி அவருக்கு எட்டியிருந்தது.

"எலே, ஆரிட்ட கேட்டு ஒப்பு போட்ட?"

முற்றம் முற்றமாக முழங்கியவன், "அம்மைட்ட கேட்டு" என்று முனகினேன். சுத்தப் பொய். எங்கள் வீட்டில் அம்மையிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு கொத்தும் சத்தம் நின்றது.

"ஆமா, எங்கிட்ட கேட்டாக்கும் போட்டான்" என்றாள் அம்மை. "நான்தான் போடச் சொன்னேன். கையக் கழுவிட்டு வாருங்க, கறி ஆறுது."